யானை பாதி விலைக்குக் கிடைக்கும்.. தீனி?



இந்த முறை கொஞ்சம் பெரிய சப்ஜெக்ட். நீளத்துலயும் பெரிசு, எடையிலயும் பெரிசு. ஏழெட்டு பேர் உக்கார்ற பழைய எஸ்யூவி வாங்கலாமா, வாங்கினா எதை வாங்கலாம்ங்கறதுதான் மேட்டர். வண்டியைப் பத்தி மெக்கானிக் எழுதலாம், இன்ஜினியரிங் பசங்க எழுதலாம், பி.காம் படிக்கிற உனக்கு என்னடா வேலைன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்: வண்டி ஓடறது டீசல்ல இல்ல, பணத்துல :-)

முதல்ல இந்த ஆசை எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம். ஒரு புது சின்ன எஸ்யூவி டாப் மாடல் வாங்கற காசுல, இல்லேன்னா கூடக் கொஞ்சம் போட்டா, ஏழெட்டு வருஷப் பழைய ஃபார்ச்சூனர் நம்ம முன்னாடி வந்து நிக்குது. பக்கத்துலயே எண்டெவர், எக்ஸ்யூவி 500, கிரிஸ்டா எல்லாம் கழுவித் துடைச்சு, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு வரிசையா நிக்குது. புரோக்கர் கதவைத் திறந்து விடறார். உள்ள உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரோடே நம்மளதுன்னு தோணுது. "புதுசு வாங்கினா நாப்பது லட்சம் சார், இது பதினஞ்சுக்கு வருது"ன்னு அவர் சொல்லும்போது இருபத்தஞ்சு லட்சம் லாபம் பார்த்த மாதிரி ஒரு மயக்கம்.

அந்த மயக்கத்துல தான் தப்பு நடக்குது. என் கருத்தை ஒரே வரியில சொல்லிடறேன். பழைய பெரிய வண்டியில விலை பாதியாகும், செலவு பாதியாகாது. நாப்பது லட்ச ரூபாய் வண்டியோட பிரேக் டிஸ்க், டர்போ, இன்ஜெக்டர், டயர் எல்லாம், நீங்க பதினஞ்சு லட்சத்துக்கு வாங்கினீங்கங்கறதுக்காக விலை குறையறதில்ல. 265 அகலத்துல, 18 இஞ்ச் வீலுக்கு ஒரு டயர் பத்தாயிரத்துக்கு மேல. ஒரு வண்டிக்கு நாலு. ஸ்டெப்னியைச் சேர்த்தா அஞ்சு. யானையை யாராவது பாதி விலைக்குத் தரலாம். தீனியைப் பாதி விலைக்கு யாரும் தரப் போறதில்ல.

முதல்ல கணக்கு

இது நானா வச்சுக்கிட்ட உதாரணம். உங்க ஊர் நிலவரத்துக்கு ஏத்த மாதிரி எண்களை மாத்திப் போட்டுக்கோங்க.

பதினஞ்சு லட்சத்துக்கு ஒரு பழைய டீசல் எஸ்யூவி வாங்கறோம். அஞ்சு வருஷம் வச்சிருந்து எட்டு லட்சத்துக்கு விக்கறோம். தேய்மானம் 7 லட்சம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்குது, டீசல் லிட்டர் 93 ரூபாய்னு வச்சா, வருஷத்துக்கு 1,11,600. அஞ்சு வருஷத்துக்கு 5.58 லட்சம். இன்சூரன்ஸ் வருஷம் 40,000 வீதம் 2 லட்சம். சர்வீஸ், டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் வேலை எல்லாம் சேர்த்து வருஷம் 50,000 வீதம் 2.5 லட்சம்.

இதோட நிறுத்திடறோம் நாம. காமர்ஸ் பசங்க நிறுத்தக் கூடாது. அந்தப் பதினஞ்சு லட்சத்தை 7 சதவீதத்துக்கு டெபாசிட்ல போட்டிருந்தா தனி வட்டியாவே வருஷத்துக்கு 1.05 லட்சம். அஞ்சு வருஷத்துக்கு 5.25 லட்சம். கையை விட்டுப் போன இந்த வட்டியும் செலவுதான். கடன் வாங்கி வாங்கினா இன்னும் மோசம், ஏன்னா பழைய வண்டிக் கடனுக்கு புது வண்டியை விட வட்டி அதிகம்.

கூட்டிப் பாருங்க. 7 + 5.58 + 2 + 2.5 + 5.25 = 22.33 லட்சம். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு வகுத்தா கிலோமீட்டருக்கு 37 ரூபாய் சொச்சம். மாசக் கணக்குல 37,000 ரூபாய்.

இதே வண்டி வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினா? பொங்கல், தீபாவளி, குலதெய்வம் கோயில், ரெண்டு கல்யாணம்னு.. நிறைய வீட்டுல நிஜமா ஓடறது அவ்வளவுதான். தேய்மானம், இன்சூரன்ஸ், வட்டி மூணும் அப்படியே நிக்கும். 14.25 லட்சம். டீசல் 2.33 லட்சம், பராமரிப்பு 1.5 லட்சம்னு குறைச்சாலும் மொத்தம் 18 லட்சத்தைத் தாண்டுது. 25,000 கிலோமீட்டருக்கு வகுத்தா, கிலோமீட்டருக்கு 72 ரூபாய். ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட்னு முதல் வருஷத்துல மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அது இதுதான்.

உங்க ஊர் டிராவல்ஸ்ல ஒரு இன்னோவாவுக்கு டிரைவரோட கிலோமீட்டருக்கு என்ன வாடகைன்னு கேட்டு, பேட்டாவையும் சேர்த்து, இந்த 72 பக்கத்துல எழுதி வையுங்க. வருஷத்துக்கு நாலு தடவை மட்டும் ஏழு சீட் தேவைப்படற குடும்பம் பெரிய வண்டி வாங்கவே கூடாதுங்கறது என் கட்சி. சின்னதா ஒண்ணை வச்சுக்கிட்டு அந்த நாலு தடவைக்கு வாடகைக்கு எடுங்க. டிரைவர் ஓட்டுவார், அப்பாவும் பின்னாடி உக்காந்து ஜாலியா வருவார்.

"அப்ப பெருமை?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. பெருமைக்காகச் செலவு பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா அதை டிராயிங்ஸ் கணக்குல எழுதுங்க. முதலீடுன்னு எழுதி வீட்டை ஏமாத்தாதீங்க.

சரி, நிஜமாவே தேவைன்னா?

சில வீட்டுக்கு நிஜமாவே தேவை. எங்க வீடு அப்படி ஒண்ணு. பாட்டி, அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி, அவங்க ரெண்டு பசங்க. எட்டு பேர், ஒரே காம்பவுண்டு. பாட்டிக்கு மாசம் ரெண்டு தடவை பக்கத்து டவுனுக்கு ஆஸ்பத்திரி. அப்பா சீக்கிரமே ரிட்டயர் ஆகறார். வர்ற பணத்துல ஒரு பங்கு, சித்தப்பா ஒரு பங்குன்னு போட்டு ஒரே பெரிய வண்டியா வாங்கிடலாம்னு பேச்சு ஓடுது. சித்தப்பா எண்டெவர் கட்சி, அப்பா ஃபார்ச்சூனர் கட்சி. நான் எதிர்க்கட்சி. கூட்டணி ஆட்சி எந்த நேரமும் கவிழலாம் :-)

அதனால இது எனக்கு வெறும் அரட்டை மேட்டர் இல்ல. முப்பது வருஷச் சம்பளத்தோட கடைசித் துண்டு அந்தப் பணம். அதுக்கு அடுத்த மாசம் சம்பளம்னு ஒண்ணு வராது. கியர்பாக்ஸ் போச்சுன்னு பட்டறையில இருந்து போன் வந்தா, அந்தக் காசு பாட்டி மருந்துலயோ தம்பி காலேஜ் ஃபீஸ்லயோ இருந்துதான் வரணும்.

இந்த எட்டு பேரை வச்சே வண்டியை அளந்து பாக்கலாம். முதல் கேள்வி, மூணாவது வரிசையில யார் உக்காரப் போறாங்க? எல்லா வீட்டுலயும் ஒரே பதில் தான். குழந்தைங்களும், வாய் திறந்து குறை சொல்லாத பெரியவங்களும். வண்டியைத் தேர்ந்தெடுக்கறவர் மட்டும் முன் சீட்டுல உக்காந்து டெஸ்ட் டிரைவ் பண்ணுவார். நான் சொல்றது, டெஸ்ட் டிரைவுக்குப் பாட்டியைக் கூட்டிட்டுப் போங்க. ஏற முடியுதா, இறங்க முடியுதா, கைப்பிடி எங்க இருக்கு, பின் சீட்டுக்கு ஏசி காத்து வருதா, அரை மணி நேரம் உக்காந்தா முட்டி மடங்கி வலிக்குதான்னு அவங்களைக் கேளுங்க. ஒரு பத்திரிகை ரிவ்யூவும் இதைச் சொல்லித் தராது.

ஃபார்ச்சூனர் மாதிரி வண்டிகள்ல ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. லாரி மாதிரி கீழ தனியா ஒரு இரும்புச் சட்டம், அதாவது லேடர் ஃப்ரேம், அது மேல பாடியைத் தூக்கி வச்சு கட்டின வண்டிகள் அது. காடு மேடு ஏற, இழுவை இழுக்க அந்த அமைப்பு பிரமாதம். ஆனா பின்னாடி தரை உயரமா இருக்கும். மூணாவது வரிசையில உக்கார்றவங்களுக்கு முட்டி நெஞ்சுக்கு வரும். எக்ஸ்யூவி 500, எக்ஸ்யூவி 700, 2021ல வந்த புது சஃபாரி எல்லாம் சட்டமும் பாடியும் ஒண்ணா இருக்கற மோனோகாக். தார் ரோட்டுல அலுங்காம போகும், ஆடறது குறைவு. கிரிஸ்டா லேடர் ஃப்ரேம் தான், ஆனா ஆளை உக்கார வைக்கறதுக்குன்னே வடிவமைச்சதால கடைசி வரிசையிலயும் மனுஷங்க உக்காரலாம். அதோட எட்டு சீட் மாடலும் அதுல உண்டு. ஃபார்ச்சூனர், எண்டெவர், எக்ஸ்யூவி எல்லாம் ஏழோட நிக்கும். எட்டு பேர் வீட்டுக்கு ஏழு சீட் வாங்கறது, எப்பவும் ஒருத்தரை மடியில வச்சுக்கிட்டு போறதுக்கு முன்பணம் கட்டற மாதிரி.

"இன்னோவா எஸ்யூவியே இல்லையே, அது எம்பிவி"ன்னு ஒரு குரூப் சண்டைக்கு வரும். வரட்டும். கல்யாண மண்டபத்துக்குப் போறவங்களுக்கு அந்த ரெண்டு எழுத்து வித்தியாசத்தால என்ன ஆகப் போகுது? ஃபோர் வீல் டிரைவ் கியரை வாங்கின நாள்லேர்ந்து ஒரு தடவை கூடப் போடாம விக்கறவங்க எத்தனையோ பேர்.

பெரிய வண்டின்னா பாதுகாப்பா?

இதைத் தான் நம்ம ஊர்ல அதிகமா நம்பறாங்க. "இரும்பு மாதிரி வண்டி, எதிர்ல வர்றவன் தான் நசுங்குவான்"னு. 2016ல குளோபல் என்கேப் அமைப்பு இந்திய வண்டிகளை மோதிப் பாத்தப்போ, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோ மாடல் பெரியவங்க பாதுகாப்புல வாங்கினது பூஜ்யம் ஸ்டார். அதே கம்பெனியோட எக்ஸ்யூவி 700 2021லயும், ஸ்கார்ப்பியோ என் 2022லயும் அஞ்சு ஸ்டார் வாங்கினாங்க. அப்போ ஆளைக் காப்பாத்தறது வண்டியோட உருவமோ கம்பெனி பேரோ இல்ல. வடிவமைப்பும், அது எந்த வருஷத்து வண்டிங்கறதும் தான்.

அதனால பழைய வண்டி தேடறவங்களுக்கு வருஷம் ரொம்ப முக்கியம். 2019 ஏப்ரல்லேர்ந்து புதுசா வித்த எல்லாக் கார்லயும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அதே வருஷம் ஜூலைலேர்ந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். முன்னாடி ரெண்டு பேருக்கும் ஏர்பேக்ங்கறது 2022 தொடக்கத்துல இருந்து எல்லாப் புது வண்டிக்கும் வந்தது. இதுக்கு முந்தின வண்டிகள்ல, அதே பேர்ல இருக்கற பேஸ் மாடல்ல இதெல்லாம் இல்லாமலும் இருக்கும், டாப் மாடல்ல இருக்கும். "ஸ்கார்ப்பியோ தானே"ன்னு வாங்கிடாதீங்க. எந்த வேரியண்ட்னு ஆர்.சி.யில பாருங்க. பழைய ஸ்கார்ப்பியோ சில மாடல்ல பின்னாடி ஷேர் ஆட்டோ மாதிரி எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்ச். அதுல குழந்தைங்களை உக்கார வச்சு நாற்கர சாலையில நூறுல போறதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

இன்னொரு விஷயம். இந்த மோதல் டெஸ்ட்ல டம்மி பொம்மைகளை வைக்கறது முன் சீட்டுலயும் நடு வரிசையிலயும். மூணாவது வரிசையில இல்ல. அஞ்சு ஸ்டார்னு ஸ்டிக்கர் ஒட்டின வண்டியிலயும் கடைசி சீட்டுக்கு அந்த ஸ்டார் ஒண்ணும் சொல்லல. பெல்ட் இருக்கான்னு நாமதான் இழுத்துப் பாக்கணும். 2022 செப்டம்பர்ல டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல விபத்துல இறந்தப்போ அவர் இருந்தது உயர்தர பென்ஸ் எஸ்யூவி, பின் சீட்டு. பெல்ட் போடல. அதைவிடப் பாடம் வேண்டாம்.

மீட்டரும் தண்ணியும்

ஜார்ஜ் ஆகர்லோஃப்னு ஒரு பொருளாதார நிபுணர், 1970ல ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையை உதாரணமா வச்சு. விக்கறவனுக்கு வண்டியோட உண்மை தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலை தான் கொடுக்கத் தயாரா இருப்பான். நல்ல வண்டி வச்சிருக்கறவன் அந்த விலைக்கு விக்காம ஒதுங்கிடுவான். சந்தையில மிஞ்சறது ஓட்டை வண்டி. இந்தக் கருத்துக்குத் தான் 2001ல அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. நம்ம ஊர் புரோக்கர் "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி"ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆகர்லோஃப் ஞாபகம் தான் வருது. தமிழ்நாட்டுல விக்கற பழைய வண்டி எண்ணிக்கைக்கு இத்தனை டாக்டருங்க இருந்திருந்தா நம்ம ஆஸ்பத்திரியில கியூவே இருக்காது :-)

இந்த இருட்டுல வெளிச்சம் போட நம்ம கையில சில டார்ச் இருக்கு.

மீட்டர். கிலோமீட்டரைக் குறைச்சு வைக்கறது சகஜம். முப்பதாயிரம் தான் ஓடியிருக்குன்னு சொல்ற வண்டியில பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு வழவழன்னு இருந்தா யோசிங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. வண்டி 2021, டயர் 2024, மீட்டர் முப்பதாயிரம்னா, முதல் டயர் எங்க போச்சுன்னு கேளுங்க. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே பழைய சர்வீஸ் விவரம் கேக்கறது எல்லாத்தையும் விட நல்லது. ஓனரையும் கூட்டிட்டுப் போனா வேலை சுலபம்.

தண்ணி. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை வண்டி முழுகிச்சுன்னு எல்லாரும் டிவியில பாத்தோம். அதெல்லாம் காணாமப் போயிடல. காய வச்சு, ஷாம்பு போட்டு, சென்ட் அடிச்சு வேற ஊருக்கு வந்துடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை கோடு தெரியும். சீட் நகர்ற தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி குழியில வண்டல், லைட்டுக்குள்ள பனி மூட்டம்.. இதுல ரெண்டு இருந்தாலும் கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க. எலக்ட்ரானிக்ஸ் நிறைஞ்ச பெரிய வண்டியில தண்ணி புகுந்தா, அது இன்னைக்கு ஓடும், நாளைக்கு எப்பன்னு தெரியாம நிக்கும்.

மஞ்சள் போர்டு. இன்னோவா, கிரிஸ்டா வாங்கறவங்க முக்கியமா கவனிங்க. டாக்ஸியா ஓடின வண்டியை ஓன் போர்டா மாத்தி விக்கறது உண்டு. சட்டப்படி தப்பில்ல, ஆனா அதோட விலை வேற. சொல்லாம விக்கறது தான் தப்பு.

டெல்லி வண்டி. "அதே மாடல், அதே வருஷம், மூணு லட்சம் கம்மி"ன்னு வந்தா முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் எந்த ஊர்னு பாருங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015லயும் உச்ச நீதிமன்றம் 2018லயும் போட்ட உத்தரவால தலைநகர்ப் பகுதியில பத்து வருஷத்துக்கு மேல ஆன டீசல் வண்டிகளுக்குத் தடை வந்துச்சு. 2025ல உச்ச நீதிமன்றம் அதைக் கொஞ்சம் தளர்த்தினாலும், அந்தப் பயத்துலயே வண்டிங்க தெற்குப் பக்கம் வந்துகிட்டிருந்துச்சு. அந்த ஊர் ஆர்டிஓ தடையின்மைச் சான்று, இங்க மறுபதிவு, வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி தமிழ்நாட்டு ஆயுள் வரி.. இதெல்லாம் சேர்த்துப் பாத்தா அந்த மூணு லட்சம் கரைஞ்சு போகலாம்.

டீசலா, பெட்ரோலா, எந்த வருஷம்?

2020 ஏப்ரல் 1 ஒரு கோடு. அன்னைக்கு பிஎஸ் 6 வந்தது. அதுக்கப்புறம் வந்த டீசல் வண்டிகள்ல புகைக்கரியைப் பிடிக்கற ஒரு வடிகட்டி இருக்கு, டிபிஎஃப்னு சொல்வாங்க. அது சேர்ந்த கரியை எரிச்சுத் தள்ள வண்டி நல்ல சூட்டுல கொஞ்ச நேரம் வேகமா ஓடணும். தினமும் மூணு கிலோமீட்டர் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினா அடைச்சுக்கும், பில்லும் பெரிசா வரும். ஊருக்குள்ள மட்டும் ஓட்டறவங்க பிஎஸ் 6 டீசல் யானையை வாங்காதீங்க. ஹைவேயில அடிக்கடி போறவங்களுக்கு டீசல் தான் இன்னைக்கும் சரி.

கம்பெனி இருக்கான்னும் பாக்கணும். ஷெவர்லே 2017 கடைசியில இந்தியாவுல விக்கறதை நிறுத்துச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்திய உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது. எண்டெவர் நம்ம மறைமலை நகர்ல செஞ்ச வண்டி, ஓட்டறதுக்கு அருமையான வண்டி, அதுல சித்தப்பா சொல்றது சரி. சர்வீஸ் தொடரும்னு ஃபோர்டு சொன்னதும் உண்மை தான். ஆனா பெரிய நகரத்துல இருக்கறவனுக்கு அது போதும். எங்களை மாதிரி சின்ன டவுன்ல இருக்கறவங்க ஒரு சென்சாருக்காக நூறு கிலோமீட்டர் வண்டியை டோ பண்ணிட்டுப் போகணும்னா? அந்த வண்டி மலிவா கிடைக்கறதுக்குக் காரணமே அந்த ரிஸ்க் தான். தள்ளுபடி இல்ல அது, ரிஸ்க்குக்கான கூலி.

பேரம் பேசறதுக்கு முன்னாடி

"நான் 2023ல இவ்வளவு கொடுத்து வாங்கினேன்"னு ஓனர் சொல்லும்போது மயங்கிடாதீங்க. அது அவரோட சங்க் காஸ்ட். 2025 செப்டம்பர் 22லேர்ந்து பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதமா இருந்தது, செஸ் போய் 40 ஆச்சு. வரிக்கு முன்னாடி 100 ரூபாய்னா 150க்கு வித்தது 140 ஆகுது, கிட்டத்தட்ட 6.7 சதவீதம் குறைவு. ஒப்பிட வேண்டியது அவர் கொடுத்த விலையோட இல்ல, இன்னைக்கு அதே வண்டி புதுசோட விலையோட.

டீலர் கிட்ட வாங்கினா ஜிஎஸ்டி 18 சதவீதம்னு சொல்லி முழு விலைக்கும் போட்டுக் காட்டினா, கேள்வி கேளுங்க. பழைய வண்டிக்கு வரி டீலரோட மார்ஜினுக்கு மட்டும் தான். 12 லட்சத்துக்கு வாங்கி 13.5க்கு வித்தா, ஒன்றரை லட்சத்துக்கு 27,000. முழு விலைக்கு 2.43 லட்சம் இல்ல. ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குத் தன் சொந்த வண்டியை வித்தா ஜிஎஸ்டியே கிடையாது.

ஆர்.சி.யில லோன் இருக்கான்னு பாருங்க. இருந்தா பேங்க் கடிதமும் படிவம் 35ம் வாங்கி ஹெச்.பி. கேன்சல் பண்ணிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்க. பேர் மாத்த படிவம் 29, 30. இதை "அப்புறம் பண்ணிக்கலாம்"னு விடவே கூடாது. பேர் மாத்தாம வித்த வண்டி விபத்து பண்ணினா, ஆர்.சி.யில பேர் இருக்கறவர் தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018லயே சொல்லிடுச்சு. விக்கறவருக்கும் இதைச் சொல்லுங்க, அவரே ஓடி வந்து கையெழுத்துப் போடுவார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோட சொத்து, வண்டியோட சொத்து இல்ல. அதனால பிரீமியம் நீங்க நினைச்சதை விட அதிகமா இருக்கும். 1500 சிசிக்கு மேல தேர்ட் பார்ட்டி மட்டுமே 2022 ஜூன்ல 7,897 ரூபாய்னு நிர்ணயிச்சாங்க, ஜிஎஸ்டி தனி.

என் ஓட்டு

அதிகம் ஓடற பெரிய குடும்பம்னா: 2019க்கு அப்புறம் வந்த கிரிஸ்டா டீசல், ஓன் போர்டு, சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருக்கறது. விலை குறையவே மாட்டேங்குதேன்னு திட்டறோம்ல, விக்கும்போது அதே நமக்கு லாபம். தேய்மானம் தான் நம்ம கணக்குல பெரிய தொகை, மறந்துடாதீங்க.

ஏழு பேருக்குள்ள, குழந்தைங்க இருக்கற வீடு, ஹைவே ஓட்டம் அதிகம்னா: எக்ஸ்யூவி 700 இல்ல ஸ்கார்ப்பியோ என். ஏர்பேக் எத்தனைன்னு வேரியண்ட் பாத்து.

ஃபார்ச்சூனர்: வாங்கற விலை போக வருஷா வருஷம் தீனிக்குத் தனியாக் காசு இருக்கறவங்களுக்கு. எண்டெவர்: பெரிய நகரத்துல, நல்ல மெக்கானிக் கையில இருக்கறவங்களுக்கு.

எதை வாங்கினாலும் கையில இருக்கறதுல நூத்துக்கு எண்பத்தஞ்சு தான் வண்டிக்கு. மிச்சப் பதினஞ்சை முதல் வருஷ வேலைக்குன்னு தனியா ஒதுக்கி வையுங்க. அந்தப் பதினஞ்சு இல்லாம வாங்கினா, அந்த வண்டி ரெண்டாவது மாசமே ஷெட்டுல கவர் போட்டு நிக்கும்.

எங்க வீட்டு ஓட்டெடுப்பு இன்னும் முடியல. பாட்டி மட்டும் தெளிவாச் சொல்லிட்டாங்க: "எந்த வண்டி வேணா வாங்குங்கடா, ஏறறதுக்கு ஸ்டூல் போடக் கூடாது." இவ்வளவு நீளமா நான் எழுதினதை விட அது நல்ல அளவுகோல்.

பி.கு: வண்டி பாக்கப் போகும்போது காலையில முதல் ஆளாப் போங்க, இன்ஜின் பச்சைத் தண்ணியா இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தா, ஏன்னு கேளுங்க.